தாத்தா பிரெஞ்சு இந்தியாவில் பிறந்தவர்: பேரனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டா?

வில்லியனூர் வாசகர் கேட்டது, 9 ஜனவரி 2024

தாத்தா 1921-இல் பாண்டிச்சேரியில் பிறந்தவர். பிறப்புப் பதிவு பிரெஞ்சில் இருக்கிறது. அப்போது இங்கே பிரெஞ்சு ஆட்சி, அதனால் அவர் பிரெஞ்சுக்காரர், அப்பாவும் பிரெஞ்சுக்காரர், நானும் பிரெஞ்சுக்காரன் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முன்பணம் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

9 ஜனவரி 2024, இரவு

கொடுக்க வேண்டாம். ஏஜென்ட் சொல்வதில் முதல் பாதி சரி. தாத்தா பிறக்கும்போது பிரெஞ்சுக் குடிமகன்தான். ஆனால் 1962-இல் என்ன நடந்தது என்பதை அவர் சொல்லாமல் தாண்டிப் போகிறார். எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கேளுங்கள்: 1962 ஆகஸ்ட் 16 முதல் ஆறு மாதத்துக்குள் தாத்தா "நான் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்கிறேன்" என்று எழுத்துமூலம் அறிவித்தாரா? அந்தத் தாள் வீட்டில் இருக்கிறதா? தாள் இல்லாவிட்டாலும் அந்தக் காலத்துப் பிரெஞ்சு பாஸ்போர்ட், தூதரகப் பதிவு அட்டை, பென்ஷன் புத்தகம் ஏதாவது இருக்கிறதா? பதில் வந்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.

10 ஜனவரி 2024

1954-ஐயும் 1962-ஐயும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் அது நிர்வாக மாற்றம் மட்டுமே. சட்டப்படி நிலத்தை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 வரை ஏற்காமலே வைத்திருந்தது. கடைசியில் 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரியில் இரண்டு நாளுக்கும் விடுமுறை விடுவது இதனால்தான்.

ஆக, அந்த எட்டு வருடம் ஊரை இந்தியா ஆண்டது, ஊர்க்காரர்கள் சட்டப்படி பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தார்கள். 1958-இல் பிறந்த ஒருவர் "நான் பிறந்ததே இந்தியாவில்தானே" என்று நினைத்துக்கொண்டிருப்பார். பிரெஞ்சுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1962-இல் ஒப்பந்தம் சொன்னது இது. பிரெஞ்சு இந்தியப் பகுதிகளில் பிறந்து, அன்றைக்கு அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் இந்தியர் ஆகிவிடுவார்கள். வேண்டாம் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக்காரராகத் தொடரலாம். எழுதிக்கொடுத்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். லட்சக்கணக்கானவர்கள் எழுதிக்கொடுக்கவில்லை. சும்மா இருந்தவர் இந்தியர் ஆனார்.

வில்லியனூர்க்காரரே, இங்கே பிறந்து இங்கேயே இருந்த உங்கள் தாத்தா எழுதிக்கொடுக்கவில்லை என்றால் அவர் வழியில் கதவு அன்றைக்கே சாத்திவிட்டது. பிரெஞ்சில் எழுதிய பிறப்புப் பதிவு அதைத் திறக்காது. பாண்டிச்சேரியில் யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு பதிவு வைத்திருப்பார்கள்.

10 ஜனவரி 2024, மாலை

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் "ரெனோன்சான் குடும்பங்களுக்குத்தான் பிரெஞ்சுக் குடியுரிமை, மற்றவர்களுக்குக் கிடையாது" என்று எழுதியிருக்கிறார். ஊரில் பரவலாக இருக்கும் நம்பிக்கைதான். ஆனால் சரியில்லை.

ரெனோன்சான் என்பவர்கள் 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள். ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். அதில் முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-இல் ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார் என்பதற்காக அவரைத் தடுத்தார்கள். அவர் பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தார். பிறகு லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

ஆனால் அது எந்தச் சிவில் சட்டம் பொருந்தும் என்ற விஷயம். 1962-இல் கையெழுத்துப் போடும் உரிமை பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோருக்கும் இருந்தது. ரெனோன்சான் இல்லாத எத்தனையோ இந்து, முஸ்லிம் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. கையெழுத்துப் போடாத ரெனோன்சான் குடும்பங்களும் இருக்கின்றன, பெயர் மட்டும் பிரெஞ்சுப் பெயராக, பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட்டாக.

ரெனோன்சான் குடும்பமாக இருந்தால் ஒரு வசதி மட்டும் உண்டு. பெயர் தலைமுறை தலைமுறையாக ஒன்றாக இருக்கும், பிறப்பும் திருமணமும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். அது எவ்வளவு பெரிய வசதி என்பது மற்றவர்கள் ஆவணம் தேட ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்.

14 ஜனவரி 2024

எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டிருந்தீர்கள்.

தாத்தா மில் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்களைச் சுட்டதில் 12 பேர் செத்தார்கள் இல்லையா, அப்போது தாத்தா இளவட்டம். அவர் கூட வேலை செய்தவர்களுக்கு அது நடந்தது. அவருடைய தம்பி, எங்கள் சின்ன தாத்தா, பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனார். திரும்பி வந்து "சொல்தா" (பட்டாளத்துக்காரர்) என்ற பெயரோடு தெருவில் மரியாதையாக நடந்தார். 1962-இல் தம்பி கையெழுத்துப் போட்டார், அண்ணன் போடவில்லை.

இன்றைக்குச் சின்ன தாத்தா பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். நாங்கள் இங்கே. கல்யாணம், காரியம் என்றால் அவர்கள் விமானத்தில் வருகிறார்கள், நாங்கள் போய் வரவேண்டும் என்றால் விசாவுக்கு வரிசையில் நிற்கிறோம். என் தலைமுறையில் சிலர் "பெரியவர் அன்றைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால்" என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே பேசுவார்கள்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. சுட்டுக் கொன்ற அரசாங்கத்தின் குடிமகனாக இருக்க மாட்டேன் என்று ஒரு மனிதர் முடிவெடுத்தார். அவர் படிக்காதவர், ஆனால் விவரம் தெரியாதவர் இல்லை. விசாவும் யூரோவும் வைத்து அந்த முடிவை இப்போது எடை போடுவது நியாயமே இல்லை. அதே போல, தம்பியைத் துரோகி என்று சொன்னவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள், அதுவும் நியாயம் இல்லை. அவருக்குப் பட்டாளம் சோறு போட்டது, பென்ஷன் தந்தது. இரண்டு பேரும் மனசறிந்து செய்தார்கள்.

குடியுரிமை கேட்கும் யாரையும் நான் குறை சொல்லவில்லை. சட்டப்படி உரிமை இருந்தால் கட்டாயம் கேளுங்கள். தாத்தாவைத் திட்டிக்கொண்டே கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

15 ஜனவரி 2024

பொங்கல் வேலைக்கு நடுவே சின்னக் குறிப்பு. நிறையப் பேர் தனியாக எழுதிக் கேட்கிறீர்கள். இங்கேயே கேளுங்கள். ஒருவருக்குச் சொல்லும் பதில் நாலு பேருக்கு உதவும். பெயரும் ஆவண எண்ணும் போட வேண்டாம், பிறந்த ஊரும் வருடமும் போதும்.

21 ஜனவரி 2024

காரைக்கால் தம்பி கேட்டது: "தாத்தா கையெழுத்துப் போட்டிருக்கிறார், தாள் இருக்கிறது. அப்பா 1943-இல் பிறந்தவர். தாத்தா போட்டதே அப்பாவுக்கும் சேர்த்துத்தானே?"

தம்பி, இந்த இடத்தில் நிறையக் குடும்பங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. தகப்பன் போட்ட கையெழுத்து, கல்யாணம் ஆகாத, 18 வயதுக்குக் கீழ் இருந்த பிள்ளைகளுக்குத்தான் செல்லும். தகப்பன் இறந்திருந்தால் தாயின் கையெழுத்து, இருவரும் இல்லாவிட்டால் காப்பாளருடையது. உங்கள் அப்பாவுக்கு அப்போது 18 முடிந்துவிட்டது. அவர் தனியாக எழுதிக்கொடுத்திருக்க வேண்டும்.

அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் மேஜர் வயது 21. அதனால் "பையன் இன்னும் மைனர்தான், நான் போட்டால் போதும்" என்று நினைத்த தகப்பன்மார் உண்டு. ஒப்பந்தம் 18 என்று வைத்தது. 16 வயதைத் தாண்டிக் கல்யாணம் ஆன பையனுக்கோ, தானே முடிவெடுக்கும் உரிமை கொடுத்தது. இந்த இடைவெளியில் விழுந்த பிள்ளைகள் தாங்கள் பிரெஞ்சுக்காரர் என்றே நம்பிக்கொண்டிருந்து, பல வருடம் கழித்துத் தூதரகத்தில் போய் நின்றபோதுதான் விஷயம் தெரிந்து திரும்பினார்கள்.

அப்பா பெயரில் தனித் தாள் இருக்கிறதா என்று தேடுங்கள். அறிவிப்பு இரண்டு படிகளாக, ஒன்று பிரெஞ்சிலும் ஒன்று ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது. ஆங்கிலப் படியைப் பிரெஞ்சு அதிகாரிகள் இந்திய அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் வீட்டில் இல்லை என்பதாலேயே போடவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். துணைத் தூதரகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள்.

28 ஜனவரி 2024

இதுவரை கையெழுத்தைப் பற்றியே பேசிவிட்டோம். கையெழுத்தே தேவைப்படாதவர்களும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான்.

முதலாவது, சைகோன் போன குடும்பங்கள். பிரெஞ்சு இந்தியாவில் பிறந்தவர், ஆனால் 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்தியாவுக்கு வெளியே, அதாவது வியட்நாமிலோ பிரான்சிலோ ரெயூனியனிலோ குடியிருந்தவர் என்றால் அவர் தானாகவே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார். இந்தியர் ஆக வேண்டுமானால்தான் அவர் எழுதிக்கொடுக்க வேண்டும். இதில் நிரூபிக்க வேண்டியது அந்தத் தேதியில் குடியிருப்பு எங்கே என்பது. சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ரசீது, சைகோன் தூதரகப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாம் உதவும். ஆனால் மனைவி மக்களைப் பாண்டிச்சேரியில் விட்டுவிட்டுப் பட்டாளத்தில் இருந்தவருக்குக் குடியிருப்பு எது என்பது வாதத்துக்குரிய இடம். அதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

இரண்டாவது, நம் வழக்கம் செய்த வேலை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவோம். பாண்டிச்சேரியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் பிறந்த வீடு கடலூராகவோ விழுப்புரமாகவோ திண்டிவனமாகவோ இருக்கும். நம் பகுதி வரைபடத்தைப் பார்த்தால் தெரியும், பிரெஞ்சுக் கிராமமும் இங்கிலீஷ் கிராமமும் வயலுக்கு வயல் கலந்து கிடக்கும். ஆகவே பிரெஞ்சுக்காரத் தகப்பனுக்குப் பிறந்த மூத்த பிள்ளை பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்திருக்கும். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்: இந்தியர் ஆவதாகச் சொல்லும் பிரிவுகள் எல்லாம் "பிரெஞ்சு இந்தியப் பகுதிகளில் பிறந்தவர்" என்றே ஆரம்பிக்கின்றன. வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிமகனை அவை தொடவில்லை. சைகோனில் பிறந்து சின்ன வயதில் ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அவர்கள் கையெழுத்துப் போடாமலே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார்கள்.

"அப்போ என் பெரியப்பா பிரெஞ்சுக்காரர், என் அப்பா இந்தியரா?" என்று கேட்டால், ஆமாம், அப்படியும் இருக்கலாம். ஒரே தாய் தகப்பன். மூத்தது கடலூரில் பிறந்தது, இளையது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பிறந்தது.

ஆனால் இதைப் படித்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். அடுத்து எழுதப்போவதையும் படியுங்கள்.

30 ஜனவரி 2024

ஐம்பது வருட விதி. இந்த இழையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பிரெஞ்சு சிவில் சட்டம் 18-ஆம் பிரிவின்படி, தாய் தகப்பனில் ஒருவர் பிரெஞ்சுக்காரர் என்றால் பிள்ளையும் பிரெஞ்சுக்காரர். எந்த நாட்டில் பிறந்தாலும் சரி. ஏஜென்ட்டுகள் காட்டுவது இந்தப் பிரிவை. அவர்கள் காட்டாதது 30-3. அதன் சாரம் இது: உங்களுக்குக் குடியுரிமையைக் கொடுக்க வேண்டிய முன்னோர்கள் ஐம்பது வருடத்துக்கு மேல் பிரான்சுக்கு வெளியிலேயே நிலைத்திருந்து, நீங்களும் அங்கேயே வசிப்பவராகவோ வசித்தவராகவோ இருந்து, நீங்களோ உங்கள் தாய் தகப்பனில் அந்த உரிமையைக் கடத்தக்கூடியவரோ பிரெஞ்சுக்காரராக நடந்துகொள்ளவும் நடத்தப்படவும் இல்லை என்றால், "நான் வம்சாவளியாகப் பிரெஞ்சுக்காரன்" என்று நிரூபிக்கவே அனுமதி கிடையாது. ஆவணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நீதிமன்றம் அதைப் பார்க்காது.

பாண்டிச்சேரிக்கு அந்த ஐம்பது வருடத்தை 1962 ஆகஸ்ட் 16-இலிருந்து எண்ணுகிறார்கள். 2012 ஆகஸ்டில் முடிந்துவிட்டது.

நடத்தப்பட்டதற்கு அடையாளம் என்ன? பிரெஞ்சு பாஸ்போர்ட், தேசிய அடையாள அட்டை, தூதரகத்தில் பதிவு, பிரெஞ்சுத் தேர்தலில் வாக்காளர் அட்டை, பட்டாளச் சேவை, பிறப்பையும் திருமணத்தையும் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றியது. இவை 2012-க்கு முன்னாலேயே இருந்திருக்க வேண்டும். இப்போது போய்ப் புதிதாக உண்டாக்க முடியாது.

கடலூரில் பிறந்த பெரியப்பாவின் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா சட்டப்படி பிரெஞ்சுக்காரர்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க இந்திய ரேஷன் அட்டை, இந்திய ஓட்டு, இந்திய பாஸ்போர்ட். தூதரகப் பக்கமே போனதில்லை. பிள்ளைகளும் போனதில்லை. முடிந்தது. உரிமை இருந்தது, யாருக்கும் தெரியாமலே காலாவதி ஆனது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. இப்படி ஒரு கெடு இருக்கிறது என்பதை 2012-க்கு முன்னால் வீதி வீதியாகச் சொல்லியிருக்க வேண்டும். படித்தவர்களுக்கும் தூதரகத்தோடு பழக்கம் இருந்தவர்களுக்கும்தான் தெரிந்தது. மீனவர் குடியிருப்புகளிலும் கிராமங்களிலும் இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை.

31 ஜனவரி 2024

நேற்று எழுதியது பலரைச் சோர்வாக்கிவிட்டது போலிருக்கிறது. ஒரு பக்கக் கதவு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே சிவில் சட்டத்தில் 21-14 என்று ஒரு பிரிவு. 30-3 காரணமாக மறுக்கப்பட்டவர், பிரான்சோடு வெளிப்படையான பண்பாட்டு, தொழில், பொருளாதார அல்லது குடும்பப் பிணைப்பு வைத்திருந்தால், அறிவிப்பு மூலம் குடியுரிமை கோரலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்தவர்களுக்கும் இது பொருந்தும். லிசே பிரான்சே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர், கூடப் பிறந்தவர்கள் பிரான்சில் குடியிருப்பவர் போன்றவர்கள் இதை யோசிக்கலாம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். 30-3-இல் மறுப்பு வாங்கிய பிறகுதான் இந்தக் கதவு. இப்படிக் கிடைக்கும் குடியுரிமை அறிவித்த நாளிலிருந்துதான், பிறப்பிலிருந்து இல்லை. ஆகவே ஏற்கெனவே மேஜரான பிள்ளைகளுக்கு அது போகாது.

11 பிப்ரவரி 2024

ஆவணங்கள். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது.

எழுத்துக்கூட்டல்தான் பெரிய தலைவலி. பிரெஞ்சுக் குமாஸ்தா முத்து என்பதை ஒரு விதமாக எழுதுவார், இங்கிலீஷ் குமாஸ்தா வேறு விதமாக எழுதுவார். பிறப்புப் பதிவில் சுப்பராயன், கல்யாணப் பதிவில் சுப்பராய கவுண்டன், பென்ஷன் புத்தகத்தில் வெறும் சுப்பராயா. மூன்றும் ஒரே ஆள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பாரிஸில் கோப்பைப் பார்ப்பவருக்கு மூன்று ஆள். இனிஷியல் இன்னொரு சிக்கல். தகப்பன் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், பேரனுக்கு அது மாறியிருக்கும்.

அடுத்தது தாமதப் பதிவு. பிறந்து பல வருடம் கழித்து நீதிமன்ற உத்தரவு வாங்கிப் பதிவு செய்தது என்றால், பிறப்புச் சான்று மட்டும் போதாது, அந்த உத்தரவையும் கேட்பார்கள். பிறகு அதைத் துருவுவார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு தேதி, பதிவில் இன்னொரு தேதி என்றால் கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

அப்புறம், பிள்ளைக்கும் தகப்பனுக்குமான உறவு பிள்ளையின் மைனர் வயதுக்குள் சட்டப்படி நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். கோவிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு இல்லை, பிள்ளைகள் பிறந்த பிறகு ஐம்பது வயதில் பதிவு செய்தார்கள் என்றால் கேள்வி வரும். வழக்கப்படி நடந்த கல்யாணமும் செல்லும் என்று வாதாடலாம், ஆனால் அதற்கும் ஆதாரம் வேண்டும்.

பழைய பதிவேடுகளின் படிகள் பிரான்சில், ஏக்ஸ் நகரத்துக் கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1776-இல் போட்ட அரச ஆணைப்படி குடியேற்றப் பகுதிகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி பிரான்சுக்குப் போக வேண்டும். அந்த ஆணையால் இங்கே கரையான் தின்ற தாள்கூட அங்கே கிடைக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய பல பதிவுகளைக் கணினியிலேயே பார்க்கலாம். பிரெஞ்சுக் குடிமக்களின் வெளிநாட்டுப் பதிவுகளுக்கு நாந்த் நகரத்து மையப் பதிவு அலுவலகம். இந்தியச் சான்றுகளுக்கு அப்போஸ்டில் முத்திரையும் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு போடும் சான்று முத்திரை), அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வேண்டும்.

எல்லாம் சேர்ந்த பிறகு நேஷனாலிட்டி சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பம். வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டிலேயே இருப்பவர்களுக்கு அது பாரிஸ் நீதிமன்றத்தில். 2022 செப்டம்பரிலிருந்து அதற்கென்று படிவம் உண்டு. மறுத்தால் ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும், அதற்கு அங்கே வழக்கறிஞர் வைத்தாக வேண்டும்.

12 பிப்ரவரி 2024

"கோவாக்காரர்கள் சுலபமாகப் போர்ச்சுகல் பாஸ்போர்ட் எடுக்கிறார்களே, நமக்கு ஏன் இல்லை?" என்று கேட்டிருக்கிறார்கள்.

கோவாவை இந்தியா 1961 டிசம்பரில் படை அனுப்பி மீட்டது. அங்கே ஆறு மாதம் தேர்வு செய் என்ற ஏற்பாடு கிடையாது. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களைப் போர்ச்சுகல் தன் குடிமக்களாகவே எண்ணுகிறது, அவர்கள் லிஸ்பனில் பிறப்பைப் பதிவு செய்தால் போதும், பிள்ளைகளுக்கும் வழி திறக்கும். நமக்கு இரு நாடும் உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தம் இருக்கிறது, அது யார் எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டது. இரண்டையும் ஒப்பிட்டுப் பயனில்லை. கோவாவில் வேலை முடித்துக்கொடுத்த ஏஜென்ட் இங்கேயும் முடித்துக்கொடுப்பார் என்று நம்பாதீர்கள்.

3 மார்ச் 2024

இந்தியப் பக்கம் என்ன ஆகும் என்பதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமையை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பயணம் செய்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டினால் அபராதமும் வழக்கும்.

பிறகு ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் அட்டை, எடுக்கலாம். குடியுரிமைச் சட்டத்தில் அதற்குத் தகுதி சொல்லும் இடத்தில் "1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவின் பகுதியான நிலப்பரப்பைச் சேர்ந்தவர்" என்று ஒரு வகை இருக்கிறது, நம் ஊர் அதற்குள் வரும். அந்த அட்டை இருந்தால் விசா வேண்டாம். ஆனால் ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. பாகூர் பக்கம் நஞ்சை வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

17 மார்ச் 2024

வில்லியனூர்க்காரர் எழுதியிருக்கிறார். தாத்தா பெயரில் எந்த அறிவிப்பும் இல்லை என்று பதில் வந்துவிட்டதாம். பிறந்தது உள்ளூர், இருந்தது உள்ளூர். அந்த வழி இல்லை. ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. அதே ஏஜென்ட் "தாத்தா பெயரில் தாள் தயார் பண்ணிக்கொள்ளலாம்" என்று சொன்னாராம். அப்படி யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். போலித் தாளோடு போன ஒரு கோப்பு, உண்மையான உரிமை உள்ள பத்துக் குடும்பங்களின் கோப்பையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது.

24 ஆகஸ்ட் 2024

பல மாதம் கழித்து எழுதுகிறேன். அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெண் கேட்ட கேள்வி: "தாத்தா கையெழுத்துப் போடவில்லை. ஆயா, அதாவது பாட்டி, போட்டிருக்கிறார். பெட்டியில் தாள் இருக்கிறது. அது செல்லுமா?"

செல்லும். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: கணவனின் தேர்வு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது. 1956-இல் எழுதிய ஒப்பந்தத்தில் பெண்ணுக்கு இப்படித் தனி முடிவு கொடுத்திருந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளப் பெண்களை யார் கூட்டிப்போனார்கள் என்பதுதான் கேள்வி. கணவன் போட்டால் தனக்கும் சேர்ந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்து, அதனால் இந்தியராகிப்போன மனைவிமார் உண்டு. கணவன் போடாத நிலையில் தானாகப் போய்ப் போட்ட பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்!

பிள்ளைகள் விஷயம் இரண்டாகப் பிரியும் அம்மா, கவனமாகப் படியுங்கள். 1962-இல் ஏற்கெனவே பிறந்திருந்த மைனர் பிள்ளைகளுக்குத் தகப்பன் உயிரோடு இருந்தால் தகப்பன் முடிவுதான் கணக்கு. அவர் போடவில்லை, ஆகவே அவர்கள் இந்தியர். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சுக்காரத் தாயின் பிள்ளைகள். அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், மேஜராகும் முன் வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு. உங்கள் அம்மா 1965-இல் பிறந்தவர் என்கிறீர்கள். அப்படியானால் அம்மா பிரெஞ்சுக்காரர், 1959-இல் பிறந்த மாமா இல்லை.

25 ஆகஸ்ட் 2024

இது வரைக்கும் இங்கே கேட்ட எல்லோரும் தாத்தா, தாத்தா என்றே கேட்டிருக்கிறார்கள். நானும் தாத்தா பெயரில் தேடச் சொல்லித்தான் பதில் எழுதியிருக்கிறேன். ஆயா பெயரிலும் தனியாகத் தேடுங்கள். வில்லியனூர்க்காரரே, உங்களுக்கும்தான். ஆயா எங்கே பிறந்தார், 1962-இல் எங்கே இருந்தார், அவர் பெயரில் ஏதாவது தாள் உண்டா?

6 செப்டம்பர் 2024

அரியாங்குப்பத்துப் பெண்ணுக்கு: ஐம்பது வருட விதிதான் உங்களுக்கு மிச்சம் இருக்கும் தடை. அம்மா 1980-களில் தூதரகத்தில் பதிந்து அட்டை வாங்கியிருக்கிறார் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் தெம்பு வந்தது. பழைய அட்டையின் எண்ணையும் வருடத்தையும் குறிப்பிட்டு, பதிவுக்கான சான்று கேட்டு எழுதுங்கள். அதோடு ஆயாவின் அறிவிப்புத் தாள், ஆயா தாத்தா கல்யாணப் பதிவு, அம்மாவின் பிறப்புப் பதிவு, அம்மா அப்பா கல்யாணப் பதிவு, உங்கள் பிறப்புப் பதிவு எல்லாம் முழுப் படிகளாக வேண்டும், சுருக்கப் படி வேண்டாம். ஆயாவின் பெயர் இவற்றில் முதல் மூன்று தாள்களிலும் எப்படி எழுதியிருக்கிறது என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பது அதற்குப் பிறகு.